பைக் இன்ஜினுக்கு நான்கு சக்கர உடம்பு

பட்டறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்த அலுமினிய ஃபிரேம்தான். சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். ஹோண்டா சிஆர்எஃப்450ஆர், மண்மேட்டுப் பந்தயத்துக்கான 2018 மாடல் மோட்டோகிராஸ் பைக்கின் ஃபிரேம். ஹேண்டில்பார் கழுத்துக்குக் கீழே நீளமாக ஒரு விரிசல். முன் ஃபோர்க் இரண்டும் கோணிக் கிடந்தன. யாரோ ஒருவர் பெரிய மேட்டிலிருந்து தாவிவிட்டுத் தப்பாக இறங்கியிருக்கிறார். அதன் இன்ஜின் மட்டும் துடைத்த துடைப்பில் பளிச்சென்று பெஞ்சின் மேல் இருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஃபிரேம் போன பைக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பைக் இன்ஜின் வைத்த பந்தயக் குவாட் கட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு பைக்தான் பிள்ளையார் சுழி.

இடம், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலை. பிட்ஸ்பர்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வரும். பழைய நிலக்கரிச் சுரங்கப் பூமி. ஏறினால் குன்று, இறங்கினால் ஓடை. ஹை பாயின்ட் மோட்டோகிராஸ் களம் இருக்கும் மவுண்ட் மாரிஸ் பக்கத்தில்தான். மாநில எல்லையைத் தாண்டினால் மார்கன்டவுன். ஜிஎன்சிசி என்கிற காட்டுவழிப் பந்தயத் தொடரை அங்கிருந்துதான் நடத்துகிறார்கள். மேற்குப் பென்சில்வேனியாக்காரரான பாரி ஹாக் 1990களில் அந்தத் தொடரின் குவாட் பிரிவில் வரிசையாக ஏழு முறை சாம்பியன் ஆனவர். பிறகு பைக்குக்கு மாறி, 2003-இல் அதிலும் பட்டம் வாங்கினார். இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் டிராக்டருக்குப் பக்கத்தில் ஒரு பந்தயக் குவாட் நிற்பது சாதாரணக் காட்சி.

பட்டறைக்காரர் சுரங்க இயந்திரங்களைப் பழுது பார்த்தே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வண்டியை ஓட்டப்போவது அவருடைய மகள். மின் இணைப்பு வேலையெல்லாமும் அவள் கையில்தான். அப்பா ஃபிரேமுக்குப் பொறுப்பு, மகள் வயருக்குப் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை.

குவாட் என்றால் நான்கு சக்கரம், மேலே ஏறி உட்காரும் சீட், பைக்குக்கு இருப்பதுபோல் ஹேண்டில்பார். கடற்கரைச் சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு விடும் ஏடிவியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது சாந்தமான வண்டி. பந்தயத்துக்கு வருவது வேறு ரகம்: அகலம், தாழ்வு, நீளமாக வேலை செய்யும் ஷாக் அப்சார்பர், 450 சிசி இன்ஜின். அதையே ஏன் கடையில் வாங்கக் கூடாது என்றுதான் முதலில் கேட்டேன். அவர் சொன்ன பதில் ஒரு தொழிலின் வரலாறாகவே விரிந்தது.

ஹோண்டா 1970-இல் மூன்று சக்கர ஏடிசியைக் கொண்டுவந்தது. 1980களில் அது அமெரிக்கா முழுக்கப் பரவியபோது விபத்துகளும் பரவின. செத்தவர்களிலும் ஊனமானவர்களிலும் ஏராளமான குழந்தைகள். 1988-இல் அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் கம்பெனிகளும் நீதிமன்றத்தின் வழியாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. புதிய மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. அந்த உடன்பாடு பத்து ஆண்டுகள் நடப்பில் இருந்தது. பந்தயத்துக்கென்றே செய்த நான்கு சக்கர வண்டிகளும் அந்தக் காலத்தில் ஒவ்வொன்றாக மறைந்தன. ஹோண்டாவின் டிஆர்எக்ஸ்250ஆர் 1986-இல் வந்து 1989-உடன் முடிந்தது. சுசுகியின் எல்டி250ஆர் 1992 வரை தாக்குப்பிடித்தது. யமஹா பான்ஷி மட்டும் 2006 வரை ஓடியது.

கம்பெனி கைவிட்டாலும் ஓட்டுகிறவர்கள் விடவில்லை. ஹோண்டா 250ஆரின் அமைப்பை வைத்துக்கொண்டு லேகர்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் தாங்களே ஃபிரேம் செய்து விற்றன. அதில் ஹோண்டாவின் சிஆர்500 டூ-ஸ்ட்ரோக் பைக் இன்ஜினைப் பூட்டிப் பார்த்தவர்கள் உண்டு. 1998-இல் யமஹா ஒய்இசட்400எஃப், 2002-இல் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் என்று ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்குகள் வந்ததும் கைகள் அந்த இன்ஜின்களுக்குத் தாவின. கம்பெனிகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. 2004-இல் யமஹாவும் ஹோண்டாவும் தாங்களே 450 பந்தயக் குவாட் கொண்டுவந்தன. சுசுகி, கவாசாகி, கேடிஎம், கேன்-ஆம் எல்லாம் பின்னாலேயே வந்தன. பிறகு பொருளாதாரச் சரிவு. ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். ஹோண்டாவின் டிஆர்எக்ஸ்450ஆர் 2014-உடன் நின்றது. அந்தப் பழைய கூட்டத்தில் இன்றும் கடையில் நிற்பது யமஹாவின் ஒய்எஃப்இசட்450ஆர். நல்ல வண்டிதான், பெரும்பாலானவர்களுக்கு அதை வாங்குவதே புத்திசாலித்தனம் என்று இவரே சொல்கிறார். ஆனால் ஹோண்டா போன்ற கம்பெனிகள் பைக் இன்ஜினை இழைத்துக்கொண்டே போகின்றன. அந்த இழைப்பு முழுவதும் இரண்டு சக்கரத்தோடு நின்றுவிடுகிறது. அதை நான்கு சக்கரத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் கையால் கொண்டுவர வேண்டியதுதான்.

இன்ஜினைத் தூக்கி இன்னொரு ஃபிரேமில் வைப்பது பெரிய வேலை இல்லை. அது பழகியிருந்த உலகத்தைப் பறித்துவிட்டு வேறோர் உலகத்தில் ஓடச் சொல்கிறோமே, அங்கேதான் பாடு. 110 கிலோவுக்குச் சற்று மேலான பைக்கை இழுக்கப் பிறந்தது அது. வளைவில் சாயும், ஒரே ஒரு மெல்லிய பின்சக்கரத்தைச் சுழற்றும், ஓடும் வேகத்தில் அடிக்கும் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். குவாட்டில் எடை 180 கிலோ பக்கம் போகும். சாயாது. பின்னால் இரண்டு தடித்த டயர். காட்டுக்குள் ஏற்றத்தில் முன்னால் போன நாலு வண்டி சிக்கி நின்றால் காற்று ஏது? பைக் சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை எல்லாம் இங்கே வேலை செய்து கொடுக்க வேண்டும். பட்டறையில் நான் பார்த்த ஒவ்வொரு வேலையும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

ஃபிரேம் கட்டுவதற்கு நடுக்கூடத்தில் ஒரு கனத்த இரும்பு மேசை. அதன் மேல் தூண்களும் கிளாம்ப்களுமாக ஒரு ஜிக். ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். ஜிக்கின் நடுவில் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. பெஞ்சில் பார்த்த இன்ஜின் அல்ல. உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடு. எங்கேயோ கனெக்டிங் ராடு உடைந்து செத்த இன்ஜினின் கிராங்க்கேஸ். வெல்டிங் பொறியும் சூடும் நல்ல இன்ஜினைத் தொடாமல் இருக்க, அளவெல்லாம் இதை வைத்துத்தான். நல்ல இன்ஜின் கடைசியில்தான் ஃபிரேமுக்குள் வரும்.

குழாய்கள் 4130 எஃகு, குரோமோலி என்பார்கள். சுமார் ஒரு சதவீதம் குரோமியம், அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மாலிப்டினம். விமானக் கட்டுமானத்தில் பேர் வாங்கிய உலோகம். சுவர் மெலிதாக இருந்தாலும் முறுக்குக்குத் தாங்கும். ஒரு குழாய் இன்னொரு குழாயில் போய்ச் சேரும் இடத்தில் முனையை நேராக அறுத்தால் வேலைக்கு ஆகாது. எதிர்க்குழாயின் வளைவுக்கு ஏற்ப, மீன் வாய் திறந்ததுபோல் குடைய வேண்டும். அவர் ஒரு முனையைக் குடைந்து, பொருத்திப் பார்த்து, அரத்தால் நான்கு இழுப்பு இழுத்து, மறுபடி பொருத்தி, பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்தார். மயிரிழை அளவுக்கு ஒளி தெரிந்தது. மறுபடி அரம். ஒளி தெரியாமல் போகும் வரைக்கும் விடவில்லை. இடைவெளியை வெல்டிங்கால் அடைத்துவிடலாம் என்று நினைத்தால் அந்த இடத்தில் கூடுதல் சூடு ஏறும், குழாய் இழுக்கும், ஃபிரேம் கோணும் என்றார்.

டிக் வெல்டிங் பிடிக்கும்போது ஓர் இணைப்பை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. இடப்பக்கம் ஒரு அங்குலம், உடனே வலப்பக்கம் அதே இடத்தில் ஒரு அங்குலம், பிறகு முன்னால், பிறகு பின்னால். ஆறவிட்டு மறுபடி. ஆறிய வெல்டிங்கைக் காட்டினார்: ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய சிறு வளையங்கள், வைக்கோல் நிறத்திலிருந்து லேசான நீலம் வரை. சாம்பல் பூத்திருந்தால் ஆர்கான் வாயு சரியாக மூடவில்லை, காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி வந்த ஓர் இணைப்பை அவர் வெட்டி எறிந்திருந்தார், தொட்டியில் கிடந்தது.

இந்த இன்ஜினில் ஒரு விசேஷம். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங்ஆர்மைத் தாங்கும் அச்சு போல்ட் இன்ஜின் கூட்டின் பின்பகுதிக்குள்ளேயே நுழைந்து போகிறது. அதனால் குவாட்டின் ஸ்விங்ஆர்மும் அதே துளையில் மாட்ட வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் முன்னே தள்ளலாம், உயர்த்தலாம் என்கிற சுதந்திரம் இல்லை. இன்ஜின் எங்கேயோ, பின்சக்கரத்தின் கணக்கு அங்கே தொடங்குகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஆக்ஸிலில் இருக்கும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நூல் பிடித்துப் பார்த்தார். பிறகு எஃகு ஸ்கேல். பிறகு மகளைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் செயின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லை ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

பல் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இந்த பைக்கில் இருந்தது முன்னால் 13 பல், பின்னால் 49. பின் டயரின் விட்டம் ஏறக்குறைய 68 செ.மீ. காட்டுப் பந்தயக் குவாட்டின் பின் டயர் 20 அங்குலம், அதாவது 51 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. ஒரு சுற்றுக்கு வண்டி முக்கால் பங்கு தூரம்தான் நகரும். அதே 49-ஐ வைத்தால் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், வண்டி போகாது. 49-இல் முக்கால், கிட்டத்தட்ட 37. அப்படியென்றால் 37 பல்லா? இல்லை, எடை கூடியிருக்கிறது, டயர் இரண்டாகியிருக்கிறது, மண் இழுக்கிறது. ஆகவே 39-இல் தொடங்கப்போகிறார். 38-உம் 40-உம் அலமாரியில் தயார். சிறிய ஸ்ப்ராக்கெட்டால் இன்னொரு லாபமும் உண்டு, தரையில் இருக்கும் கல்லில் அது மோதும் வாய்ப்புக் குறைவு.

பின் ஆக்ஸில் ஒரே தண்டு. காரில் இருப்பதுபோல் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும், ஆனால் அதற்கு அனுமதி இல்லை. எனவே ஒன்று சறுக்க வேண்டும். ஓட்டுகிறவர் உடம்பைத் தூக்கி வளைவின் உள்பக்கமாகப் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துப் பின்பக்கத்தைச் சறுக்க வைத்தே திருப்புகிறார். அந்த இழுபறியெல்லாம் செயின் வழியாக கியர்பாக்ஸுக்குப் போகிறது. பைக்கின் கியர்பாக்ஸ் இதைக் கண்டதே இல்லை.

இன்னொன்று ஃப்ளைவீல். மோட்டோகிராஸ் இன்ஜினில் அது லேசு. முறுக்கியதும் எகிற வேண்டும் என்பதற்காக. காட்டுக்குள் கல்லும் வேருமாக ஊர்ந்து போகும்போது அதே லேசு தொந்தரவு. பொசுக்கென்று அணைந்துவிடும். கூடுதல் எடையைத் திருகிப் பூட்டலாம். அல்லது வேகம் குறைந்தால் தானே விடுவித்துக்கொள்ளும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் போடலாம். அப்பா முதலாவது கட்சி, மகள் இரண்டாவது கட்சி. நான் இருந்தவரை தீர்ப்பு ஆகவில்லை.

சூட்டுக்குப் பெரிய ரேடியேட்டர் ஒன்றை முன்னால் வைத்து அதன் பின்னே மின்விசிறி பொருத்துகிறார்கள். விசிறிக்கு மின்சாரம்? பைக்கின் ஸ்டேட்டர் தயாரிப்பது ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், கணினிப் பெட்டி, பேட்டரி இவற்றுக்கு அளந்து வைத்த அளவு. மகள் ஒரு பேப்பரில் ஒவ்வொன்றும் எத்தனை வாட் தின்கிறது என்று எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தாள். சூடு ஒரு அளவைத் தாண்டினால் மட்டும் விசிறி சுற்றும்படி சுவிட்ச் வைக்கப்போகிறாள்.

மிகவும் சிரமப்படுத்தியது பெட்ரோல் டேங்க். கார்புரேட்டர் காலத்தில் டேங்க் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். குழாயை மாட்டினால் பெட்ரோல் தானே இறங்கிவரும். இன்ஜெக்ஷன் வந்தபின் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. பைக்கின் டேங்க் குவாட்டுக்குப் பொருந்தாது. குவாட்டின் பழைய டேங்கில் பம்புக்கு இடம் இல்லை. ஆகவே அலுமினியத் தகட்டில் புதிதாக ஒன்று மடித்து, பைக் பம்பின் அடித்தகட்டுக்கு ஏற்ற வளையம் வைத்து வெல்டு செய்திருந்தார்கள். உள்ளே தடுப்புத் தகடுகள். வண்டி செங்குத்தாக ஏறும்போது பெட்ரோல் முழுக்கப் பின்னால் ஓடிப் பம்ப் காற்றை உறிஞ்சினால், பாதி ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிடும். காற்றடித்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று என் கண்ணெதிரே பார்த்தார்கள். ஒரு மூலையில் வந்தது. டேங்க் மறுபடி வெல்டிங் மேசைக்குப் போனது.

பைக்கில் கைப்பிடியை முறுக்குவோம். குவாட்டில் கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஹேண்டிலை இரு கையாலும் இறுகப் பிடித்து உடம்பைப் பின்னுக்கு இழுத்தபடியே ஓட்டுவதால், முறுக்கும் பிடியாக இருந்தால் குலுங்கும்போது தானாக ஆக்ஸிலேட்டர் ஏறிவிடும். கட்டைவிரல் நகரும் தூரம் குறைவு. அதற்குள் இன்ஜினின் காற்று வாய் முழுக்கத் திறக்க வேண்டும். கேபிள் இழுக்கும் நீளத்தை அதற்கேற்ப மாற்றும் நெம்புகோல் ஒன்றை மகள் தேடிப் பிடித்திருந்தாள். இரண்டு மணி நேரப் பந்தயத்தில் கட்டைவிரல் மரத்துப்போகும், ஆகவே ஸ்பிரிங் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவள் காட்டிய அக்கறை, அப்பா வெல்டிங்கில் காட்டியதற்குக் குறைந்தது இல்லை.

2018 இன்ஜினைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஜிஎன்சிசியில் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். கொடி அசைந்ததும் ஸ்டார்ட் செய்து கிளம்ப வேண்டும். முதல் உதையில் பிடிக்காத இன்ஜின் முதல் வளைவிலேயே தோற்ற இன்ஜின். சிஆர்எஃப்450ஆரில் 2018 முதல் எலெக்ட்ரிக் ஸ்டார்ட் எல்லா வண்டியிலும் வந்துவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் தரும் அந்த ஒரு விநாடிக்காகப் பழைய மலிவு இன்ஜின்களை அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் அவர் ஒரு சொட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு அவர் மேல் மதிப்பைக் கூட்டியது. கால் வைக்கும் இடத்துக்கு வெளியே இருபக்கமும் குழாய்க் காவல், நடுவில் நாடா வலை: கால் நழுவிப் பின்சக்கரத்துக்குள் போகாமல் இருக்க, பக்கத்து வண்டியின் சக்கரம் நம் சக்கரத்தோடு கோத்துக்கொள்ளாமல் இருக்க. ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் மாட்டும் கயிறு. ஆள் விழுந்தால் கயிறு உருவி, இன்ஜின் அணைந்துவிடும். பந்தயத்தில் கட்டாயம் என்பதால் மட்டும் இவர் போடவில்லை, பின்தோட்டத்தில் ஓட்டினாலும் அது இருந்தே ஆக வேண்டும். 180 கிலோ வண்டி மேலே புரண்டால் என்ன ஆகும் என்பதை 1980களில் அவர் தன் ஊரிலேயே பார்த்திருக்கிறார். சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்களின் குவாட்டில் ஏற்றும் பெற்றோரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் உயர்ந்தது. உயர வேண்டிய குரல்தான் அது.

பனி உருகியபின் மறுபடி போனபோது வண்டி நான்கு சக்கரத்தில் நின்றது. கறுப்புப் பவுடர் கோட்டிங், சிவப்பு பிளாஸ்டிக். அகலம் 46 அங்குலம். மோட்டோகிராஸ் என்றால் 50 வரை போகலாம், மரங்களுக்கு நடுவே புகுந்து வர இதுதான் சௌகரியம். டயருக்குள் வெறும் காற்றுக்குப் பதில் சின்னச் சின்னக் காற்றுப் பந்துகளை நெருக்கி அடைத்திருந்தார்கள். முள் குத்தி ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது யாரும் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை. சூடேறும் வரை ஓடவிட்டு அணைத்தார்கள். முழுக்க ஆறவிட்டார்கள். ஃபிரேமில் இன்ஜினைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதித்தார்கள். முன்பக்க போல்ட் ஒன்று கால் சுற்று இறங்கியது. மறுபடி ஓட்டம், மறுபடி ஆறல். பிறகு ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டி விரித்து, அதன் மடிப்புகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உலோகத் துகள் இல்லை. மகள் புதிய ஆயில் ஊற்றினாள். அப்பா சுவரில் ஒரு அட்டையை ஆணியடித்து மாட்டி, இன்ஜின் ஓடிய நேரத்தைக் குறித்தார். இந்த வகை இன்ஜினில் பந்தயக் கணக்குக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை பிஸ்டனையும் ரிங்கையும் மாற்ற வேண்டும். குவாட்டின் சுமைக்கு அவர் பன்னிரண்டிலேயே மாற்றிவிடப்போகிறார். அடுத்து கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் 39 பல்லோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, ஃப்ளைவீல் எடையா கிளட்ச்சா என்ற வழக்கைத் தீர்க்க வேண்டும். மகள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினாள்.